புல்மோட்டை மணலில் ஒரு பட்டப்பின் படிப்பு

திருகோணமலை மாவட்டத்தின் வட கோடியிலுள்ள புல்மோட்டையில் கடற்கரை கறுத்துக் கிடக்கும். பெரும்பங்கு இல்மனைட், கூடவே ரூட்டைலும் சிர்க்கோனும், மிகச் சிறிதளவு மொனசைட். அந்த மொனசைட்டுக்குள் தோரியம் இருக்கிறது. பௌதிகவியலில் மேலே படிக்க என்ன வேண்டும் என்று கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்து மாணவர் ஒருவர் கேட்டால், இந்த மணலைத்தான் காட்டுவேன்.

விதிகளைச் சொல்லிவிடலாம். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி, பாடநெறிகளை மட்டும் கொண்ட முதுமாணிப் பட்டத்துக்குக் குறைந்தது 30 கிரெடிட் வேண்டும். ஆய்வும் சேர்ந்ததென்றால் 60. அதில் 15 ஆய்வுக்கு. ஆய்வில் ஒரு கிரெடிட் என்பது 100 மணி நேர உழைப்பு. ஆக, ஆய்வுக்கு மட்டும் 1500 மணி. முதுதத்துவமாணிக்கு இரண்டு ஆண்டு, கலாநிதிப் பட்டத்துக்கு மூன்று ஆண்டு முழுநேர ஆய்வு. அமெரிக்காவுக்குப் போனால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டும் வகுப்பறைதான்: பொறியியக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம், புள்ளியியல் பௌதிகம். தகுதித் தேர்வைத் தாண்டிய பிறகுதான் முழுநேர ஆய்வு.

'ஆய்வு செய்ய வந்தவனுக்கு மறுபடி எதற்குப் பாடம்?' என்று சலிக்கிறவர்கள் உண்டு. மணலிடம் போவோம். இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும், சிர்க்கோனை இழுக்காது. ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்க்கோன் கடத்தாது. அதனால் காந்தப் புலமும் உயர் மின்னழுத்தமும் சேர்ந்து அவற்றைப் பிரிக்கின்றன. இது மின்காந்தவியல் பாடம். தோரியத்தை அளப்பது இன்னும் நுட்பம். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 1400 கோடி ஆண்டு. நேரே அளப்பதைவிட, அது சிதைந்து வரும் வழியிலுள்ள தாலியம்-208 விடும் 2614 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் காமாக் கதிரை எண்ணுவது எளிது. அப்படி எண்ணி, பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். தாயான தோரியத்துக்கும் சேயான தாலியத்துக்கும் இடையே கதிரியக்கச் சமநிலை இருக்கிறது என்ற எடுகோள் இல்லாமல் அந்தக் கணக்கு நிற்காது. 10,000 எண்ணிக்கை கிடைத்தால் அதில் 100 அளவுக்குத் தடுமாற்றம் உண்டு என்பதைப் புள்ளியியல் சொல்லித் தரும். அது தெரியாமல் வரையும் வரைபடம் வெறும் கோலம்.

என் கவலை, மூன்றாண்டுப் பொதுப் பட்டம் பெற்றவர்களைப் பற்றியது. நான்காம் ஆண்டில் சிறப்புப் பட்ட மாணவர் ஆய்வுத் திட்டம் ஒன்றைச் செய்து முடிக்கிறார். மற்றவருக்குப் பெரும்பாலும் அந்த வாய்ப்பில்லை. அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். அந்த இடைவெளியை நிரப்பத்தான் முதுமாணிப் பாடநெறிகள் இருக்க வேண்டும். பேராதனையின் பட்டப்பின் விஞ்ஞான நிறுவகமும், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் அணு விஞ்ஞானத் துறையும் அத்தகைய வாசல்கள். ஆனால் மூதூரிலோ கிண்ணியாவிலோ ஆசிரியராக வேலை செய்யும் ஒருவர் வார இறுதி தோறும் அவ்வளவு தூரம் போய்வருவது பெரும் பாடு. அதனால், பாடத்துக்கு அங்கே ஒரு மேற்பார்வையாளர், கள வேலைக்குத் திருகோணமலையில் ஒருவர் என்ற கூட்டு ஏற்பாடு பரவலாக வேண்டும்.

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன்பே கேள்வியைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது இந்த மணலைப் பற்றியதென்றால், மாதிரியைக் காற்றுப் புகாமல் அடைத்தபின் ரேடன்-222 வாயு சமநிலைக்கு வர ஏறக்குறைய நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். சிதைவுச் சமன்பாடுகளைத் தாளில் கையால் தீர்த்துப் பார்க்க அந்த நான்கு வாரம் தாராளமாகப் போதும்.