புவிக்காந்தம்: நிலைபேறும் இயக்கமும்

புவியினுள்ளே பெரியதொரு சட்டக்காந்தம் கிடப்பதாக வரையப்பட்ட பாடநூற் படம் எம்மிற் பலர் மனத்தில் பதிந்துள்ளது. மாறாத பொருளொன்றின் மாறாத இயல்பே புவிக்காந்தம் என்ற எண்ணத்தை அது வளர்த்துவிட்டது. இவ்வெண்ணம் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு வீழ்ந்தது என்பதை ஈண்டு நோக்குவோம்.

புவிக்காந்தம் பற்றிய அறிவு தொழிற்களத்திலிருந்து பெரிதும் ஊட்டம் பெற்றது. மாலுமியாயிருந்து பின்னர் இலண்டனில் திசைகாட்டிகள் செய்த றொபேட் நோர்மன், கிடையாகச் சமநிலைப்படுத்திய ஊசி காந்தமூட்டப்பட்டதும் கீழ்நோக்கிச் சாய்வதை அளந்து 1581இல் வெளியிட்டார். அங்கு அச்சாய்வு ஏறத்தாழ 72 பாகை. காந்த மத்தியகோட்டுக்கு அண்மையிலுள்ள எமது நாட்டில் ஊசி ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். இத்தகைய அவதானங்களைத் துணைக்கொண்டே மருத்துவர் வில்லியம் கில்பேட் 1600இல் புவியே ஒரு பெருங்காந்தம் என வாதிட்டார்.

ஆயின், இலண்டனில் ஊசி காட்டும் திசை காலப்போக்கில் மாறுவதை 1635இல் ஹென்றி ஜெலிபிராண்ட் எடுத்துக்காட்டினார். மேலும், இரும்பு 770 பாகை செல்சியசுக்கு மேல் நிலைக்காந்தமாக இருத்தல் இயலாது. புவியின் கருவோ அதனிலும் பன்மடங்கு வெப்பமானது. எனவே சட்டக்காந்தம் என்ற விளக்கம் நிலைக்கவில்லை.

இன்றைய விளக்கம் இயக்கத்தையே அடிப்படையாகக் கொண்டது. ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பாலான வெளிக்கரு உள்ளது. வெப்பம் வெளியேறுவதாலும், உட்கரு சிறிது சிறிதாகத் திண்மமாகுகையில் இலேசான மூலகங்கள் விடுபடுவதாலும் அத்திரவம் ஓயாது ஓடுகின்றது. புவிச்சுழற்சி அவ்வோட்டத்தை முறுக்கி ஒழுங்குபடுத்துகின்றது. மின்கடத்தும் இத்திரவம் ஏற்கெனவேயுள்ள காந்தப்புலத்தினூடாக ஓடும்போது மின்னோட்டம் பிறக்கின்றது. அம்மின்னோட்டம் அப்புலத்தை மீளவும் உண்டாக்குகின்றது. தைனமோவின் தத்துவம் இதுவே. ஓட்டம் மாறப் புலமும் மாறும். ஏறத்தாழ 780,000 ஆண்டுகளுக்கு முன் காந்த வடக்கும் தெற்கும் இறுதியாக இடம்மாறியமைக்கு எரிமலைப் பாறைகள் சான்று பகர்கின்றன.

ஞாயிற்றிலிருந்து வீசும் மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளுட் பெரும்பாலானவற்றைத் திசைதிருப்பும் அரண் இப்புலமாகும். ஞாயிற்றின் சீற்றத்தால் அது குலுங்கும்போது நிலத்திலும் நீண்ட மின்கம்பிகளிலும் மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் மின்சாரத்தை இழந்தனர். அதனை மீட்க ஏறக்குறைய ஒன்பது மணிநேரம் சென்றது.

மின்சாரத்தில் தங்கிய சமுதாயம் ஒன்று, தன் காலடியில் நிகழும் இவ்வியக்கத்தை அறியாதிருத்தல் தகாது. மாறுவதை விளங்கிக்கொள்வதற்கு அதனைத் தொடர்ந்து அளத்தலே வழி. ஊசி செய்த தொழிலாளி தொடக்கிவைத்த அப்பணி இன்னும் முடிந்துவிடவில்லை.