சுவரின் நிறமும் யன்னலின் ஒளியும்

வெள்ளை, பால்வெள்ளை, தந்தம், சந்தனம், மணல், இளஞ்சாம்பல் முதலியவற்றை நொதுமல் நிறங்கள் எனலாம். நட்பும் பகையும் இல்லாதாரை நொதுமலர் என வழங்குதல் நம் பழைய நூல் மரபு. எப்பொருளோடும் மாறுபடாது அடங்கி நிற்பன என்னும் எண்ணத்தால் இந்நிறங்களுக்கும் அப்பெயர் பொருந்தும். ஆயினும் சுவரில் ஏறியபின் இவை நொதுமலாய் இருப்பது அரிது. ஓர் அறையிற் சாம்பல் நீலமாகத் தோன்றுகின்றது. மற்றோர் அறையிற் பால்வெள்ளை மஞ்சளாகின்றது. வேறோர் அறையிற் சந்தனம் செங்கல்லின் சாயலைப் பெறுகின்றது. குற்றம் பூச்சில் இல்லை. அறையுட் புகும் ஒளியிலே உள்ளது.

இதனை ஈண்டு எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டின் பின் குடாநாட்டிற் பழைய வீடுகள் பல திருத்தப்பட்டும் புதியன கட்டப்பட்டும் வந்துள்ளன. பழைய மாணவருட் சிலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்தவாறே கணினித் திரையில் நிறத்தைத் தெரிந்து, அதன் இலக்கத்தை இங்குள்ள உறவினருக்கு அனுப்பி வைக்கின்றனர். வகுப்பறைகளுக்குப் பூச்சு வாங்கிக் கொடுக்கும் அன்பரும் சில வேளை அவ்வாறே செய்கின்றனர். செலவு சிறிதன்று. அச்சுவரை நாள்தோறும் பார்த்திருப்போரோ நிறத்தைத் தெரிந்தவர் அல்லர். வீட்டிலே முதிய தாய்தந்தையர், வகுப்பறையிலே மாணவர்.

மேலைநாட்டு நூல்கள் கூறும் விதி எளியது. வடக்கு நோக்கிய அறையின் ஒளி குளிர்ந்தது, ஆதலின் அதற்கு மஞ்சட்சாயல் வேண்டும். தெற்கு நோக்கிய அறையின் ஒளி வெம்மையானது, ஆதலின் அது சாம்பலைத் தாங்கும் என்பர். அவர்கள் நாட்டுக்கு அது பொருந்தும். இலண்டன் ஏறத்தாழ 51½ பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. அங்கே நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கும். டிசெம்பர்க் கடைசியில் அடிவானத்திலிருந்து 15 பாகையளவே எழும். யாழ்ப்பாணமோ 9 பாகை 40 கலையில் உள்ளது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் நம் உச்சிக்கு நேரே வந்து, பின் வடபுறஞ் சாய்ந்து, ஓகஸ்ற் மாத இறுதியில் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே செல்லும். இடைப்பட்ட நாலரை மாதமும் நண்பகல் வெயில் வடபுறத்தே. யூன் மாதத்தில் அது உச்சியிலிருந்து 14 பாகையே விலகுதலின் தாழ்வாரம் அதனைத் தடுத்துவிடும். டிசெம்பரில் 33 பாகை விலகுதலின் தெற்கு யன்னலூடு சிறிது உட்புகும். ஆகவே வடக்கு, தெற்கு என்னும் வேறுபாடு இங்கே பெரிதன்று. கிழக்கும் மேற்குமே நமக்குப் பெரியன. அவ்விரு பக்கத்தும் ஆண்டு முழுவதும் வெயில் தாழ்ந்து வந்து நேரே உட்புகுகின்றது. மாலை நான்கு மணிக்கு மேற்கு அறையின் பால்வெள்ளைச் சுவரைப் பார்த்தவர் மீண்டும் அதனை அங்குப் பூசமாட்டார். மேற்கு அறைக்குச் சாம்பல் சிறிது கலந்த வெள்ளையே தகும். கிழக்கு அறையைக் காலையில் மட்டும் புழங்குவோருக்கும் அதுவே போதும்; பிற்பகலிலும் அங்கிருந்து படிப்போருக்குத் தந்த நிறம் இதமாயிருக்கும்.

இவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. நம் வீடுகளுக்கு விறாந்தையும் நீண்ட தாழ்வாரமும் இருத்தலின், உள்ளறை யன்னலிலிருந்து வானம் பெரும்பாலுந் தெரிவதில்லை. தெரிவது வளவின் நிலமும் மரமுமே. அதாவது, அவ்வறைக்கு ஒளி தருவது வானமன்று, நிலம். உரும்பிராய், கோப்பாய், சுன்னாகப் பக்கத்துச் செம்மண் வளவில் நிலத்திற் பட்டு எழும் ஒளி செம்மை தோய்ந்தே அறைக்குள் வரும். அங்கே சந்தன நிறம் பூசுவது செம்மையின் மேற் செம்மை ஏற்றுவதாகும். நீலச்சாயல் மிகச் சிறிதே கொண்ட வெள்ளை அதனைச் சமன்செய்யும். மணற்காட்டுப் பக்கத்து வெண்மணல் ஒளியைக் கண் கூசும்படி வீசும். அங்கே தூய வெள்ளையைத் தவிர்த்து ஒருபடி இறங்கிய மணல் நிறத்தைக் கொள்ளல் நன்று. மாவும் வேம்பும் யன்னலை மறைத்து நிற்கும் வீட்டில் ஒளி பச்சையாகும். பால்வெள்ளையின் மஞ்சளோடு அப்பச்சை சேர்ந்து நோயாளியின் முகம்போல் ஆக்கிவிடும். செம்மை சற்றுத் தோய்ந்த சந்தனம் இவ்விடத்துக்கே உரியது. நாற்சார் வீட்டின் முற்றத்தை நோக்கிய அறைகளுக்கு மட்டும் வானத்தின் நீல ஒளி நிறைய வருதலின் மேலைநாட்டார் வடக்கறைக்குக் கூறிய விதி ஒருவாறு பொருந்துகின்றது.

யன்னலுக்கு வெளியே பார்த்தபின் உள்ளே நிலத்தையும் பார்த்தல் வேண்டும். பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்து நிலம் அழகியதே. ஆனால் மினுக்கிய அந்நிலத்திற் படும் வெயில் சுவரின் அடிப்பாகத்தைச் செந்நிறமாக்கும். மேலும் ஒளி ஒரு சுவரிற் பட்டு மறு சுவருக்குச் செல்லுந்தோறும் அந்நிறம் மிகுகின்றது. நிற அட்டையில் மெல்லிதாயிருந்தது அறையிற் கடுமையாதல் இதனாலேயே. அட்டையில் விரும்பியதற்கு ஒருபடி வெளிறியதை வாங்குதல் தக்கது. முன்னாளிற் சுண்ணாம்பில் நீலஞ் சிறிது கலந்து வெள்ளையடித்த தொழிலாளர் அதன் மஞ்சளை மறைத்து வெண்மை காட்டும் வழியை நன்கறிந்தவர்களே.

வகுப்பறையில் நிறத்தினும் ஒளியின் அளவே முதன்மையானது. படும் ஒளியில் நூற்றுக்கு 80 பங்கைத் திருப்பும் சுவர் இரண்டு முறை பட்டபின்னும் 64 பங்கைத் தரும்; 50 பங்கைத் திருப்பும் சுவர் 25 பங்கையே தரும். மாரிகாலத்து மேகமூட்டத்திற் பின்வாங்கில் இருக்கும் மாணவனுக்கு இது சிறிய வேறுபாடன்று. நாகரிகம் கருதி வகுப்பறைக்கு நடுச்சாம்பல் பூசுவதை யாம் ஒப்போம். அழுக்குக்கு அஞ்சுவோர் அடியில் மூன்று அடி உயரத்துக்குக் கடுநிறப் பட்டை இட்டு, மேலே வெள்ளைக்கு அண்மையான நிறத்தைப் பூசலாம். பூச்சு மினுக்கமற்றதாய் இருத்தல் வேண்டும்; மினுங்குஞ் சுவர் கரும்பலகைக்கு அருகே கண்ணைக் கூசச் செய்யும்.

தெரிந்த நிறத்தைச் சோதித்தே வாங்குக. பலரும் பழைய சுவரிலேயே சிறிது பூசிப் பார்க்கின்றனர், அது தவறு. பிரான்சின் கோபெலின் நெசவுச்சாலையிற் சாயப் பகுதியின் தலைவராயிருந்த ஷெவ்ரல் என்னும் இரசாயன அறிஞர், அங்கு நெய்த துணியின் கறுப்பு மங்கலென்ற முறைப்பாட்டை ஆராய்ந்து, சாயத்திற் குறையில்லை, அருகிலுள்ள நிறமே அதனை அவ்வாறு காட்டுகின்றது எனக் கண்டார். 1839இல் இதனை விரித்து நூலாக்கினார். பழைய பச்சைச் சுவரின் நடுவே பூசிய சாம்பல் செம்மையாகத் தோன்றுதலும் இவ்வாறே. இரண்டடிச் சதுரப் பலகையில் இருமுறை பூசி, ஓரத்தில் நாலு விரல் வெள்ளை விட்டு, அறையின் வெவ்வேறு சுவர்களிற் சாத்தி, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் பார்த்தல் வேண்டும். கூடுமாயின் மழைநாள் ஒன்றிலும் பார்க்க. அருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் நிறம் எப்பக்கஞ் சாய்கின்றது என்பது உடனே புலனாகும். வெளிநாட்டில் இருப்போர் இலக்கம் அனுப்புவதை விட்டு, இரண்டு மூன்று நிறங்களைக் கூறிப் பலகைச் சோதனையையும் முடிவையும் வீட்டில் இருப்போரிடமே விடலாம்.

இரவைப் பற்றியும் ஒரு சொல். 6500 கெல்வின் எனப் பொறித்த மின்குமிழ் வெள்ளைச் சுவரை நீலமாக்கும். 2700 கெல்வின் குமிழ் அதே சுவரை மஞ்சளாக்கும். ஆதலால் அறைக்குரிய குமிழை முதலில் மாட்டி, அதன் கீழும் அப்பலகையை ஒரு முறை வைத்துப் பார்த்த பின்னரே பூச்சுக்குக் காசு கொடுக்கலாம்.