சின்னக் குழாய் உறைந்தது, ஊரே இருண்டது!



பனி என்றதும் நமக்கு மார்கழிதான் ஞாபகம் வரும். பனிக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்ததைப் படித்தால் விளங்கும்.

டெக்சாஸ் வெயில் பூமி. சூடு தங்கக்கூடாது என்று பல மின் நிலையங்களில் பாய்லர், டர்பைனைச் சுற்றிச் சுவரே கட்டவில்லை. அந்தப் பிப்ரவரியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய் நாள்கணக்கில் அங்கேயே நின்றது.

மின் நிலையங்களில் உறைந்தது எது தெரியுமா? பிரஷர் அளக்கும் டிரான்ஸ்மிட்டருக்குப் போகிற மெல்லிய சென்சிங் லைன். அதில் தண்ணீர் ஓடாது, சும்மா நிற்கும். அதனால் சீக்கிரம் உறையும். பாய்லருக்குள்ளே நீராவி கொதிக்கும், வெளியே குழாயில் ஐஸ்! டிரான்ஸ்மிட்டர் தப்பான அளவு காட்டும், யூனிட் டிரிப் ஆகிவிடும். பிப்ரவரி 15 அதிகாலை தெற்கு டெக்சாஸ் அணுமின் நிலையத்தில் ஒரு யூனிட் நின்றதும் இப்படித்தான்.

காஸ் கிணறுகளும் உறைந்தன. லோடு குறைக்க ஃபீடர்களை ஆஃப் செய்தபோது காஸ் கம்ப்ரசர்களுக்கும் கரண்டு போனது. கரண்டில்லாமல் காஸ் இல்லை, காஸ் இல்லாமல் கரண்டில்லை! காற்றாலை இறக்கைகளிலும் ஐஸ் படிந்தது. பக்கத்து மாநில கிரிட்டுகளோடு இணைப்பும் குறைவு.

அங்கே ஃப்ரீக்வன்சி 60 ஹெர்ட்ஸ். அன்றிரவு அது 59.3 வரை இறங்கியது. 59.4-க்குக் கீழே 9 நிமிடம் நீடித்தால் மற்ற ஜெனரேட்டர்களும் கழன்றுகொள்ளும். 4 நிமிடம் 23 விநாடி நீடித்தது. சுமார் 20,000 மெகாவாட் லோடை வெட்டித்தான் கிரிட்டைக் காப்பாற்றினார்கள். 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருண்டன. அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 246 பேர். பெரும்பாலோர் குளிரிலேயே போனவர்கள்.

தடுக்க வழி உண்டா? உண்டு.

1. சென்சிங் லைனில் ஹீட்டிங் கேபிள் சுற்றி, மேலே இன்சுலேஷன் போடுவது.
2. காற்று வீசும் பக்கம் தடுப்பு வைப்பது.
3. கருவிகளுக்குப் போகும் காற்றில் ஈரம் இல்லாமல் உலர்த்துவது.
4. காஸ் நிலையங்களின் ஃபீடரை வெட்டும் பட்டியலில் சேர்க்காமல் இருப்பது.

இதெல்லாம் புதுசு இல்லை. 2011-லேயே அங்கே இதே மாதிரி உறைந்து, இப்படிச் செய்யுங்கள் என்று அறிக்கையும் வந்தது. யாரும் கட்டாயமாக்கவில்லை. 2021-ல் இப்படி நடந்த பிறகுதான் சட்டம் போட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். "கரண்டுக்குப் படிச்சு என்னப்பா வேலை பார்ப்பே?" என்று அம்மா கேட்கும். ஹீட்டிங் கேபிளில் கரண்டு ஓடுதா என்று கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்ப்பது யார்? நம்மைப் போன்ற டிப்ளமோக்காரன்தான். அங்கே குளிர் என்றால் இங்கே புயல், வெள்ளம். வேலை ஒன்றுதான்.

எனவே நண்பர்களே, நாளை நம் கையில் செக்லிஸ்ட் வரும்போது, பார்க்காமல் டிக் போட வேண்டாம். வருமுன் காப்போம்!

— இரண்டாமாண்டு மின்னியல் மாணவன்