வயல் வரப்பில் நிற்கும் வீரன்!

"தர்மபுரியில் பார்க்க என்ன இருக்கிறது?"

வெளியூர்க்காரர் இப்படிக் கேட்டால், உள்ளூர்க்காரர் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான்.

"ஒகேனக்கல் இருக்கிறது. அருவியில் குளித்து, பரிசலில் ஒரு சுற்றுச் சுற்றி, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்!"

"வேறே?"

"வேறே என்ன இருக்கிறது? எல்லாம் காடும் கரம்பும்தான்!"

ஒகேனக்கல்லின் அழகைக் குறை சொல்ல யாராலும் முடியாது. பாறையில் விழுந்து சிதறும் காவிரி, புகைபோல் மேலே எழும்புகிறது. அதைப் பார்த்துக் கன்னடத்தில் "புகையும் கல்" என்று பெயர் வைத்தவன் நல்ல ரசிகன். ஆனால் அந்த அருவியோடு மாவட்டத்தின் அழகு முடிந்துவிட்டதா?

அரூர்ப் பக்கமோ, பென்னாகரம் பக்கமோ ஒரு கிராமத்துக்குப் போய்ப் பாருங்கள். கேழ்வரகுக் கொல்லை, ஓரத்தில் புளிய மரம், தூரத்தில் மலை. மரத்தடியில் ஒரு பலகைக் கல் நிற்கும். உழவர் அதில் சாய்ந்து இளைப்பாறுவார். சில இடங்களில் அதில் மாட்டைக் கட்டுவார்கள், அரிவாள் தீட்டுவார்கள். வேறு சில இடங்களில் அதே மாதிரிக் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பொங்கல் இடுவார்கள். "வேடியப்பன் சாமி" என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

யார் அந்த வேடியப்பன்? "தாத்தா காலத்துச் சாமி" என்பார்கள். எந்தத் தாத்தா காலம்? ஆயிரம் ஆண்டுக்கும் முந்திய தாத்தா!

மாட்டுக்காக உயிர் கொடுத்தவன்

அந்தக் கல்லின் பெயர் நடுகல். போரில் இறந்த வீரனுக்காக ஊரார் நட்ட கல். கல்லை உற்றுப் பாருங்கள். ஒரு கையில் வில், மறு கையில் வாள் ஏந்தி ஒருவன் நிற்பான். சில கற்களில் அவன் உடம்பில் அம்பு தைத்திருக்கும். காலடியில் ஒரு கெண்டிச் செம்பு இருக்கும். புலியோடும் காட்டுப் பன்றியோடும் போராடி இறந்தவர்களுக்கும் கல் உண்டு.

எதற்காகச் சண்டை? பெரும்பாலும் மாட்டுக்காக!

தர்மபுரி மேட்டு நிலம். மழை குறைவு. நஞ்சை குறைவு. அந்தக் காலத்தில் ஆடு மாடுதான் செல்வம். அதோடு, தமிழ்நாட்டுச் சமவெளிக்கும் மைசூர்ப் பீடபூமிக்கும் நடுவே உள்ள வழி இது. பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் என்று பலரும் இந்தப் பகுதியில் ஆட்சி செலுத்தினார்கள், மோதிக்கொண்டார்கள். பகைவன் முதலில் கவர்வது மாட்டு மந்தையை. அதை மீட்க ஓடியவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. இவர்களில் பெரும்பாலோர் ராஜாக்கள் அல்லர். சிறு தலைவர்களிடம் வேலை பார்த்த சேவகர்கள். அரண்மனை இல்லாத மனிதனுக்கு ஊர் ஒரு கல் வைத்ததே, அது பெரிய காரியம்!

கல் பேசியது

பல கற்களில் எழுத்தும் உண்டு. வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து. கொடிபோல் வளைந்து வளைந்து ஓடும். வெகு காலம் ஊரில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை.

1961-ல் தமிழ்நாட்டில் தொல்லியல் துறை ஏற்பட்டது. இரா. நாகசாமி அதன் தலைவராக இருந்த காலத்தில், அறிஞர்கள் கிராமம் கிராமமாக நடந்து கற்களைத் தேடினார்கள். கல்லைக் கழுவி, நனைத்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டுவார்கள். காகிதம் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். பிறகு மையை ஒற்றினால் மேடு கறுப்பாகும். எழுத்து வெள்ளையாக நிற்கும். இதற்கு மைப்படி என்று பெயர். இப்படிப் படித்தவற்றை 1972-ல் "செங்கம் நடுகற்கள்" என்றும், 1975-ல் "தருமபுரி கல்வெட்டுகள்" என்றும் புத்தகங்களாக வெளியிட்டார்கள்.

கல் என்ன சொல்லிற்று? இன்ன அரசனுடைய இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊர் மந்தையைப் பகைவர் கவர்ந்தபோது, அதை மீட்டு இறந்தான் இன்னான்; இது அவன் கல். அவ்வளவுதான். நாலே வரி! ஆனால் வேடியப்பனுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. ஓர் ஊர் கிடைத்துவிட்டது.

நாய்க்குக்கூட அந்தப் பெருமை உண்டு. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் அருகே எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல். அதில் வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. "கோவிவன்" என்று அதன் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். இரண்டு கள்ளர்களைக் கடித்து, எசமானைக் காத்து நின்றதாம். ஏறத்தாழ 1,400 ஆண்டு கழித்தும் அந்த நாயைப் பெயர் சொல்லி அழைக்கலாம்!

தகடூர் மண்

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர். அந்தக் கதை பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அவன் இறந்த பிறகு அவனுக்கும் நடுகல் நட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அதைக் கண்டு வருந்தி ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அதியமான் வெறும் கதை மனிதனும் அல்லன். 1981-ல் திருக்கோயிலூர் அருகே ஜம்பையில் கண்ட கல்வெட்டில் அவன் பெயரே இருக்கிறது. அது ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான எழுத்து.

காணாமற் போகும் கற்கள்

இத்தனை பெருமை உள்ள கற்களின் கதி என்ன? வீடு கட்டும்போது சில அஸ்திவாரத்துக்குள் போய்விடுகின்றன. ரோடு அகலமாகும்போது சில புதைந்துவிடுகின்றன. அடியில் புதையல் இருக்கிறது என்று தோண்டிப் பார்த்துச் சாய்த்துவிடுகிறவர்களும் உண்டு. (அங்கே தங்கம் ஏது? மாடு மேய்த்த ஊரில்!) பக்தியோடு பெயிண்ட் அடித்து எழுத்தை மூடிவிடுவதும் நடக்கிறது. இளைஞர்கள் பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறிவிடுகிறார்கள். எந்தக் கொல்லையில் எந்தக் கல் இருக்கிறது என்று தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கொல்லையில் இப்படிக் கல்லைக் கண்டால் பெயர்க்க வேண்டாம், சுரண்ட வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடமோ, தொல்லியல் துறையிடமோ சொன்னால் போதும்.

தர்மபுரி நகரிலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கற்கள் பலவற்றை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஞாயிறு தோறும் சினிமாவுக்குப் போகும் குடும்பங்கள் ஒரு நாள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம். அப்படியே கோட்டையில் உள்ள மல்லிகார்ச்சுனேசுவரர் கோயிலுக்கும் போய், தரையைத் தொடாமல் நிற்கும் தொங்கும் தூணின் அடியில் துணியை விட்டு இழுத்துப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அது ஒரே குஷி!

கொல்லையில் நிற்கும் கல்லைப் பார்க்க உச்சி வெயிலில் போகக் கூடாது. அப்போது அது வெறும் கல்லாகத்தான் தெரியும். காலையிலோ மாலையிலோ போக வேண்டும். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது பள்ளங்களில் நிழல் தங்கும். முதலில் வில் தெரியும், பிறகு வாள், பிறகு ஒவ்வொன்றாக எழுத்து. மந்தை வீடு திரும்புகிற நேரமும் அதுதான்.