முதலில் பார்த்த ஆட்டம்

பெரும்பாலோருக்கு வாழ்வின் மிகப் பழைய நினைவு மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் போவதில்லை. விளையாட்டைப் பார்த்த நினைவுக்கு அதுவும் போதாது. இரண்டு அணிகள் மோதுகின்றன, ஒன்று ஜெயிக்கும், நம் வீட்டார் இந்தப் பக்கம் என்பதெல்லாம் பிள்ளைக்குப் பிடிபட வேண்டும். அதற்கு முன் மனதில் தங்குவது கூட்டத்தின் இரைச்சலும், விளக்கு வெளிச்சமும், தூக்கிப் பிடித்திருந்தவர் தோளும்தான். ஸ்கோர் பின்னால் வந்து சேரும்.

திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்தை ஒட்டிய காரியவட்டத்தில் இதைத் தலைமுறை வாரியாகவே பார்க்கலாம். திருவனந்தபுரம் பல்கலைக்கழக மைதானத்தில் 1988 ஜனவரியில் இந்தியாவும் வெஸ்ட் இண்டீஸும் ஒருநாள் போட்டியில் மோதின. ஸ்ரீகாந்த் 101 அடித்தும் இந்தியா தோற்றது. அடுத்த சர்வதேச கிரிக்கெட் ஆட்டம் இந்த நகருக்கு வர 2017 நவம்பர் 7 ஆகிவிட்டது. இடையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தியா ஆடி முதலில் பார்த்த கிரிக்கெட் என்பது அநேகமாக டிவியில் பார்த்ததே.

2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் காரியவட்டத்தில் கட்டப்பட்ட கிரீன்ஃபீல்டு மைதானம் அந்த நிலையை மாற்றியது. 2016 ஜனவரி 3 அன்று தெற்காசியக் கால்பந்து இறுதியாட்டம் இங்கே நடந்தது. கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி போட்ட கோலில் ஆப்கானிஸ்தானை இந்தியா 2-1 என வென்றது. மறு வருடம் நியூசிலாந்துடன் இருபது ஓவர் ஆட்டம். துலாமழை விடவில்லை, ஆட்டம் எட்டு ஓவராகச் சுருங்கியது. இந்தியா 67, நியூசிலாந்து 61. கடைசி ஓவரைப் போட்டவர் ஹர்திக் பாண்டியா. அன்று ஐந்து வயதாக இருந்த பிள்ளைக்கு ஆறு ரன் வித்தியாசத்தைவிட நனைந்துகொண்டு காத்திருந்ததே நினைவில் நிற்கும். அதே மைதானத்தில் 2023 ஜனவரியில் கோலி இலங்கைக்கு எதிராக அடித்த 166-ஐயும் அந்த மழை இரவோடு சேர்த்து ஒரே ஆட்டமாகச் சொன்னாலும் வியப்பில்லை.

இப்படிக் குழம்புவது பிள்ளைகள் மட்டுமல்ல. நினைவாற்றலை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் உல்ரிக் நைசர், 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தி பேஸ்பால் நேர்முக வர்ணனைக்கு இடையே வானொலியில் வந்ததாக வெகுகாலம் நம்பிவந்தார். டிசம்பரில் பேஸ்பால் கிடையாது. அன்று ஒலிபரப்பானது அமெரிக்கக் கால்பந்தாட்டமாக இருக்கும் என்று பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறந்தநாள், கோயில் திருவிழா போன்ற மற்ற பால்ய நினைவுகளைச் சரிபார்க்க வழி குறைவு. ஆட்டத்துக்கோ தேதியும் ஸ்கோர் அட்டையும் இருக்கின்றன. நினைவு எங்கே நழுவியது என்று கண்டுபிடிக்க இதைவிட வசதியான இடம் கிடையாது.

எந்த நினைவு நிலைக்கும் என்பதைப் பெரிதும் வீட்டுப் பேச்சுதான் முடிவுசெய்கிறது. நடந்ததைப் பற்றிப் பெற்றோர் கேள்வி கேட்டு, விவரம் சேர்த்துப் பேசப்பேச, பிள்ளையின் நினைவு கதையாகக் கோவைப்படுகிறது. நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கு முதல் நினைவு மற்றவர்களைவிட முன்னதாகவே, மூன்று வயது நிறையுமுன்பே தொடங்குவதாக அங்கே நடந்த ஆய்வு ஒன்று கண்டது. பழங்கதையும் முன்னோர் வரலாறும் அவர்கள் வீடுகளில் ஓயாமல் பேசப்படுவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

எந்த அணிக்கு ஆதரவு என்பதும் பெரும்பாலும் இந்தப் பேச்சோடுதான் வருகிறது. கேரளத்தில் உலகக் கோப்பைக் கால்பந்து வந்தால் தெருவெங்கும் அர்ஜென்டினா, பிரேசில் பிளெக்ஸ் பேனர்கள் எழும். மாரடோனா கோப்பை வென்ற 1986 ஆட்டங்களைத் தூர்தர்ஷனில் பார்த்தவர்கள் அர்ஜென்டினாவைப் பிடித்துக்கொண்டார்கள். மாரடோனா ஆடி ஒருமுறைகூடப் பார்க்காத அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும் இன்று நீலவெள்ளைச் சட்டைதான். பள்ளியில் சேருமுன்பே மாட்டிவிட்டுவிடுகிறார்கள்.