விழிஞ்ஞம் கடற்கரைத் திருச்சபை: வளர்ச்சிக்கு நடுவே அன்றாட உதவி எப்படி நிலைக்கிறது?

திருவனந்தபுரம்: விழிஞ்ஞம் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது சரக்குப் பெட்டகத் துறைமுகம்தான். 2024 ஜூலையில் ‘சான் பெர்னாண்டோ’ என்ற முதல் பெரிய சரக்குக் கப்பல் அங்கு வந்தது. 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்த ராட்சதப் பளுதூக்கிகளுக்கு அருகிலேயே, பாறைகளுக்கு இடையே ஒதுங்கிய சிறு விரிகுடாவில், பழைய மீன்பிடித் துறைமுகம் இயங்கி வருகிறது. அதன் ஒரு பக்கம் பள்ளிவாசல்; மறு பக்கம் சிந்து யாத்திரை மாதா ஆலயம்.

இந்த ஆலயத்தைச் சுற்றி வாழும் இலத்தீன் கத்தோலிக்க மீனவர் சமூகம், திருவனந்தபுரம் கடற்கரையின் பெரிய பங்குகளில் ஒன்று. கத்தோலிக்கர் வழக்கில் ‘பங்கு’ என்பது ஒரு ஆலயத்துக்கு உட்பட்ட ஊரையும் மக்களையும் குறிக்கும். மீனவர் பேச்சில் அதே சொல் பிடிபட்ட மீனில் ஒருவருக்குச் சேர வேண்டிய பாகத்தையும் குறிக்கும். இந்தக் கடற்கரையில் அந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று விட்டு வெகுதூரம் விலகியதில்லை.

பெருகிவரும் ஒரு சமூகம், ஒருவரையொருவர் அறிந்து உதவும் பழக்கத்தை எப்படிக் காத்துக்கொள்கிறது? ஒக்கி புயல், பெருவெள்ளம், கொரோனா, துறைமுகப் போராட்டம் என அடுத்தடுத்து வந்த சோதனைகளில் அந்தப் பழக்கம் எவ்வாறு வெளிப்பட்டது?

பயணத்தைக் காக்கும் மாதா

சிந்து யாத்திரை மாதா என்றால் கடற்பயணத்துக்குத் துணை நிற்கும் அன்னை என்று பொருள். போர்த்துக்கீசியர் காலத்தில் கடலோர ஊர்களில் பரவிய மரியன்னைப் பெயர்களில் இதுவும் ஒன்று. இலங்கையில் யாழ்ப்பாணத்தை அடுத்த சாட்டி சிந்தாத்திரை மாதா திருத்தலத்தை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது.

விழிஞ்ஞத்தின் வரலாறு அதற்கும் முந்தையது. ஆய் மன்னர்களின் தலைநகராகவும் துறைமுகமாகவும் விளங்கிய ஊர் இது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் குடைவரைக் கோயில் இன்றும் இங்கு உள்ளது. புனித பிரான்சிஸ் சேவியர் 1544-ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர் கடற்கரையில் நடந்து சென்று, ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மீனவர்களுக்குத் திருமுழுக்கு அளித்ததாகத் தம் கடிதத்தில் குறிப்பிட்டுள்ளார். இக்கடற்கரைக் கத்தோலிக்கர்கள் தங்கள் தொடக்கத்தை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகின்றனர்.

கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து 1937-இல் பிரிக்கப்பட்டு உருவானது திருவனந்தபுரம் இலத்தீன் மறைமாவட்டம். 2004-இல் அது உயர்மறைமாவட்டமாக உயர்த்தப்பட்டது. மாநில எல்லையை அது பின்பற்றுவதில்லை என்பது தமிழக வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி உள்ளிட்ட கடலோரப் பங்குகளும் அதில் அடங்கும். 1991 முதல் 2022 வரை தலைமை வகித்த பேராயர் சூசை பாக்கியம், நீரோடியை அடுத்த மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர்.

பெரிய பங்கு, சிறிய குழுக்கள்

ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் ஊரில், பங்குத்தந்தை ஒருவர் எல்லா வீடுகளையும் அறிந்திருக்க இயலாது. திருவிழாவில் கூட்டம் கூடுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் மூன்றாவது தெருவில் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர் அந்தக் கூட்டத்தில் யார் கண்ணிலும் பட மாட்டார். வளரும் எல்லா ஆலயங்களும் சந்திக்கும் சிக்கல் இது.

இதற்குத் திருச்சபை கண்ட வழி, பங்கை முப்பது, நாற்பது குடும்பங்கள் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிப்பது. தமிழகக் கத்தோலிக்கர்கள் இதை ‘அன்பியம்’ என்று அழைக்கின்றனர். குழுவினர் ஒருவர் வீட்டில் கூடிச் செபிப்பர், விவிலியம் வாசிப்பர். பிறகு பேச்சு இயல்பாக அக்கம்பக்கத்துக்குத் திரும்பும். யார் மருத்துவமனையில் இருக்கிறார், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, யாருடைய மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பிவிட்டான் என்பதெல்லாம் அங்குதான் தெரியவரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பக்திக் கூட்டமாக மட்டும் தோன்றலாம். உண்மையில், எந்தக் குடும்பம் எந்த நிலையில் இருக்கிறது என்ற விவரம் கைவிரல் நுனியில் இருக்கும் ஓர் அமைப்பு அது. அதன் பயன் புயல் நாளில்தான் முழுமையாகத் தெரிந்தது.

அன்றாட உதவிக்கு அன்பியத்தைவிடப் பழைய வடிவங்களும் கரையில் உண்டு. படகு கரை சேர்ந்ததும், ஏலம் தொடங்குமுன் தொழிலாளர்கள் தத்தம் வீட்டுக் கறிக்கு மீன் எடுத்துக்கொள்வர். கணவனை இழந்த பெண்களும், கடலுக்குப் போக முடியாத முதியவர்களும் கரைக்கு வந்து நின்றால் அவர்கள் கையிலும் சில மீன்கள் விழும். அதை யாரும் பிச்சை என்று சொல்வதில்லை. இன்று கொடுப்பவர் நாளை வாங்க நேரிடலாம் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. கடல் யாருக்கும் மாதச் சம்பளம் தருவதில்லை.

இந்தப் பரிவு எப்போதும் சமமாகவே இயங்கியது என்றும் கூறிவிட முடியாது. மீன் விற்பனையில் ஒரு பகுதியை ஆலயத்துக்கு வசூலிக்கும் உரிமையை ஏலத்தில் விடும் குத்தகை முறை தென்கடற்கரையில் நெடுங்காலம் இருந்தது. ஏழை மீனவர் மீது அது சுமையாக விழுந்தது என்ற விமர்சனம் திருச்சபைக்குள்ளிருந்தே எழுந்தது. 1960-களில் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா காலத்தில், திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாட்டில் மீனவர்களே தங்கள் மீனை விற்கும் கூட்டுறவுக்கு வித்திடப்பட்டது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. இடைத்தரகரின் கடன்பிடியிலிருந்து விடுபட்ட மீனவருக்கு, மற்றவருக்குக் கொடுப்பதற்கும் கையில் ஏதேனும் மிஞ்சியது.

ஒக்கி: பெயர்ப் பட்டியலின் கதை

2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் தென்கடலைத் தாக்கியது. எச்சரிக்கை கரையை எட்டுமுன் பல படகுகள் ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டன. கேரளத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். விழிஞ்ஞமும், வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூந்துறையும் கடும் பாதிப்புக்குள்ளாயின. எல்லைக்கு அப்பால் தூத்தூர் வட்டாரமும் பேரிழப்பைச் சந்தித்தது.

அப்போது காணாமற்போனோர் எண்ணிக்கை குறித்து அரசுக்கும் திருச்சபைக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்தது. அரசு, காவல்நிலையங்களில் பதிவான முதல் தகவல் அறிக்கைகளை அடிப்படையாகக் கொண்டது. திருச்சபையின் பட்டியல் பங்குகள்தோறும், வீடு வீடாகக் கேட்டுத் தயாரிக்கப்பட்டது. இழப்பீடு, இறப்புச் சான்றிதழ் என அடுத்து வந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்களே அடிப்படை. கடலில் உடல் கிடைக்காத ஒருவரை இறந்தவராகச் சட்டம் ஏற்பதற்கு முன், அவர் கடலுக்குச் சென்றார் என்று யாரேனும் சொல்ல வேண்டும். அந்தச் சாட்சியத்தை அளித்தவர்கள் அண்டை வீட்டாரே.

அரசின் தேடுதல் போதவில்லை என்று கருதிய விழிஞ்ஞம், பூந்துறை மீனவர்கள் தாங்களே படகுகளை எடுத்துக்கொண்டு கொந்தளிப்பு அடங்காத கடலுக்குள் சென்றனர்.

வெள்ளத்துக்குள் சென்ற படகுகள்

ஒன்பது மாதங்கள் கூட முழுமையாகக் கழியவில்லை. 2018 ஆகஸ்ட் நடுவில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. பம்பை ஆறு கரைபுரண்டதில் செங்ஙன்னூர் மூழ்கியது. அத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் சஜி செரியான் தொலைக்காட்சியில் கண்ணீருடன் உதவி கோரியது நாடெங்கும் ஒளிபரப்பானது.

கடலோர ஆலயங்களின் வழியே செய்தி பரவியதும், விழிஞ்ஞம் உள்ளிட்ட ஊர்களிலிருந்து கண்ணாடியிழைப் படகுகள் லாரிகளில் ஏற்றப்பட்டன. ஆற்றையே அறியாத கடல் மனிதர்கள், மூழ்கிய மதிற்சுவர்களுக்கும் மின்கம்பிகளுக்கும் இடையே படகு செலுத்தினர். பல படகுகளின் அடிப்பாகம் உடைந்தது, எஞ்சின்கள் பழுதாயின. மாநிலம் முழுவதும் 669 படகுகளில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் சென்று, சுமார் 65,000 பேரை மீட்டதாக அரசு தெரிவித்தது. அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று முதல்வர் பினராயி விஜயன் பாராட்டினார்.

ஒக்கியின்போது தங்களைத் தேட யாரும் வரவில்லை என்று குமுறிய மக்கள்தான் இவர்கள். எனினும் வெள்ளத்தில் சிக்கியவர் யார், எந்த மதம், எந்த ஊர் என்ற கேள்வியை அவர்கள் எழுப்பவில்லை. அரசு அறிவித்த நாளொன்றுக்கு 3,000 ரூபாயை வேண்டாம் என்று மறுத்தவர்களும் மீனவர்களிடையே இருந்தனர். கடலில் எதிரே கவிழ்ந்து கிடக்கும் படகைக் கண்டால் தூண்டிலையும் வலையையும் விட்டுவிட்டு அதன் அருகே செல்ல வேண்டும் என்பது இவர்களின் எழுதப்படாத விதி. செங்ஙன்னூரில் அந்த விதி தரைக்கு வந்தது, அவ்வளவே.

பூந்துறை: கோபமும் பூக்களும்

இச்சமூகத்தை எப்போதும் பொறுமையின் உருவமாகக் காட்டுவது பிழையாகும். 2020 ஜூலையில் கொரோனா பரவலால் பூந்துறை முழுமையாக அடைக்கப்பட்டது. உணவும் முறையான தகவலும் கிடைக்கவில்லை என்று ஆத்திரமுற்ற மக்கள் தெருவில் திரண்டு, சுகாதாரப் பணியாளர்களின் வாகனத்தை மறித்தனர். இது மாநிலமெங்கும் கடும் கண்டனத்துக்கு உள்ளானது.

இரண்டே நாட்களில் காட்சி மாறியது. பங்குத்தந்தை உள்ளிட்டோர் முன்னின்று, அதே தெருவில் மருத்துவர்கள், செவிலியர் மீது மலர் தூவி வரவேற்றனர். தவறை ஊரறிய ஒப்புக்கொள்வது எளிதன்று; ஒரு முழுத் தெருவே அதைச் செய்வது இன்னும் அரிது.

துறைமுகமும் பரிவின் எல்லையும்

கடினமான சோதனை வளர்ச்சியின் பெயரால் வந்தது. துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட மூன்று கிலோமீட்டர் நீள அலைத்தடுப்புச் சுவரால் வடக்கே கடலரிப்பு தீவிரமடைந்ததாக மீனவர்கள் குற்றஞ்சாட்டினர். கடலரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் வலியதுறையில் சிமெண்ட் கிடங்கில் தங்க நேர்ந்தது. 2022 ஆகஸ்ட் 16-இல் உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் தொடங்கிய துறைமுக வாயில் போராட்டம், 110 நாட்களுக்கும் மேல் எழுச்சியுடன் நீடித்தது. நவம்பர் இறுதியில் விழிஞ்ஞம் காவல்நிலையம் தாக்கப்பட்டது. காவலர்களும் பொதுமக்களும் காயமுற்றனர். டிசம்பர் 6-இல் போராட்டம் முடிவுக்கு வந்தது. வீடிழந்தோருக்கு மாத வாடகையாக 5,500 ரூபாய் வழங்க அரசு முன்வந்தது. துறைமுகப் பணியை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை.

இந்த மக்கள் வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்ற பேச்சு அப்போது பரவலாக எழுந்தது. அவ்வாறு பேசியோர் தும்பாவை மறந்துவிட்டனர் என்றே தோன்றுகிறது. 1960-களின் தொடக்கத்தில் விண்வெளி ஆய்வுக்காகத் தும்பா மீனவர்கள் தங்கள் புனித மரிய மதலேனாள் ஆலயத்தையும் குடியிருப்பையும் விட்டுக்கொடுத்தனர். 1963 நவம்பர் 21-இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ஏவூர்தி அங்கிருந்துதான் கிளம்பியது. அந்த ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக உள்ளது.

பரிவுக்கு ஊருக்குள்ளும் ஓர் எல்லை இருந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் கிறிஸ்தவ மீனவர்களும் முஸ்லிம் மீனவர்களும் தனித்தனிக் கரைகளில் படகு கட்டுகின்றனர். 1990-களில் இரு தரப்பினரிடையே உயிர்ப்பலி வாங்கிய மோதல்களை விழிஞ்ஞம் கண்டிருக்கிறது. அன்பியம் அண்டை வீட்டைக் கவனிக்கும். அக்கரையைக் கவனிப்பதற்கு அதில் தனி ஏற்பாடு இல்லை. அந்தப் பணி இரு தரப்புப் பெரியவர்கள், பங்குத்தந்தை, ஜமாஅத் ஆகியோர் அமரும் பேச்சுவார்த்தை மேசைக்கு விடப்பட்டிருக்கிறது. அமைதி நிலவும் ஆண்டுகளில் அந்த மேசையைப் பற்றிச் செய்தி வருவதில்லை.

ஆயினும் ஆண்டுதோறும் ஒரு பருவத்தில் விழிஞ்ஞம் தன் எல்லைகளைத் தானே தளர்த்திக்கொள்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மற்றக் கடற்கரைகளில் அலை உயர்ந்து படகை இறக்க முடியாமற்போகும். விசைப்படகுகளுக்கான 52 நாள் தடையும் அதே காலத்தில்தான் வரும். பாரம்பரியப் படகுகளுக்கு அத்தடை இல்லை. பாறைகள் அரண் அமைத்த இந்த விரிகுடா அப்போது அவர்களுக்குப் புகலிடமாகிறது. பூந்துறை, புல்லுவிளை மட்டுமன்றிக் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்தும் மீனவர்கள் வந்து சேர்கின்றனர். ஆகஸ்ட் வரை உள்ளூர்ப் படகுகள் நெருக்கிக்கொண்டு நிற்க, வந்தவர்களுக்கும் கட்டுவதற்கு இடம் கிடைக்கிறது. துறைமுகத்தின் வாயில் ஒன்றே. இரு கரையின் படகுகளும், வெளியூர்ப் படகுகளும் விடியலுக்கு முன் அதன் வழியே ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குச் செல்கின்றன.