மவுஸ் நிற்கிறதா? பக்கத்து போர்ட்டைப் பாருங்கள்

டெல்லி சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டுக் கம்ப்யூட்டரில் மவுஸ் திடீர் திடீரென்று நின்றுவிடுகிறது. கீபோர்டில் தட்டினால் பாதி எழுத்து விழுவதில்லை; சில சமயம் ஒரே எழுத்து வரிசையாக ஏழெட்டு விழுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். பேட்டரி மாற்றியாயிற்று, மவுஸும் புதிது வாங்கியாயிற்று. இரண்டும் ஒரே ரிசீவரில் ஓடுகிற வயர்லெஸ் செட். கடைக்காரர் மதர்போர்டு போய்விட்டது என்கிறார். அப்படித்தானா?"

கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் இருக்கிறது. மகன் போட்டோக்களை வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றும்போது தொல்லை அதிகமாம். விடைக்கான சாவி அந்த வரியில்தான் இருக்கிறது.

முதலில் நின்றது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மவுஸ் அம்பு அசையாதபோது திரையில் ஓடும் வீடியோவைக் கவனியுங்கள். படமும் பாட்டும் தடங்கலின்றி ஓடினால் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது. அதற்குச் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான். வயர் உள்ள கீபோர்டு ஒன்று கைவசம் இருந்தால் இன்னும் நல்லது. அதில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். அந்தக் குட்டி விளக்கைக் கீபோர்டு தானாக ஏற்றுவதில்லை. விசையை அழுத்திய செய்தி கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து 'விளக்கை ஏற்று' என்ற உத்தரவு திரும்பி வந்தால்தான் அது எரியும். வயர்லெஸ் மவுஸ் நின்றிருக்கும் நேரத்தில் இந்த விளக்கு அணைந்து எரிந்தால் கம்ப்யூட்டர் உறையவில்லை. கோளாறு மவுஸுக்கும் யுஎஸ்பி போர்ட்டில் மாட்டியிருக்கும் அதன் ரிசீவருக்கும் நடுவில் உள்ள காற்றுவெளியில் இருக்கிறது.

ஒரே எழுத்து ஏழெட்டு முறை விழுவதும் அதையே சொல்கிறது. விசையை அழுத்தும்போது ஒரு செய்தி போகிறது, விரலை எடுக்கும்போது இன்னொன்று போகிறது. இரண்டாவது செய்தி வழியில் தொலைந்தால், விரல் இன்னும் விசைமேல்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டு அந்த எழுத்தை அடித்துக்கொண்டே இருக்கும்.

செய்தி ஏன் தொலைகிறது? சிபியு பெட்டியின் போர்ட்டுகளைப் பாருங்கள். சிலவற்றின் உள்ளே நீல நிறப் பிளாஸ்டிக் இருக்கும். அவை பெரும்பாலும் யுஎஸ்பி 3.0 போர்ட்டுகள். வெளி ஹார்ட் டிஸ்கை மாட்டுவது இவற்றில்தான். நொடிக்கு 500 கோடி பிட்டுகள் வேகத்தில் தகவல் அனுப்பக்கூடியவை. அதாவது ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 0.2 நானோநொடி. கம்பியில் ஒன்று, சுழி, ஒன்று, சுழி என்று மாறி மாறிப் போனால் இரண்டு பிட் சேர்ந்து ஓர் அலை. அதன் நீளம் 0.4 நானோநொடி. அதிர்வெண்ணாக மாற்றினால் 2.5 ஜிகாஹெர்ட்ஸ். வயர்லெஸ் மவுஸ் பேசும் பட்டையோ 2.4 முதல் 2.4835 ஜிகாஹெர்ட்ஸ் வரை. ஹார்ட் டிஸ்க் கம்பிக்குள் ஓடும் துடிப்பும் மவுஸின் ரேடியோ குரலும் கிட்டத்தட்ட ஒரே சுருதி.

கம்பிக்குள் ஓடுவது வெளியே கேட்கக் கூடாது என்பதற்காகப் பொறியாளர்கள் நிறையவே செய்திருக்கிறார்கள். ஒரே தகவலை எதிரெதிர் மின்னழுத்தமாக இரண்டு கம்பிகளில் அனுப்புகிறார்கள். ஒன்றின் அலையை மற்றது அழித்துவிடும். மேலே உலோக உறை வேறு. ஆனால் இரண்டு கம்பிகளுக்குள் சிறு பொருத்தமின்மை இருந்தாலும், கேபிள் போர்ட்டில் சேரும் இடத்தில் உறை சரியாக மூடாவிட்டாலும் ரேடியோ அலை கசியும். விலை குறைந்த கேபிள்களிலும் டிஸ்க் பெட்டிகளிலும் இந்த உறையில்தான் முதலில் சிக்கனம் பிடிப்பார்கள்.

இதில் அழகான நுட்பம் ஒன்று இருக்கிறது. ஒரே மாதிரியான தகவல் திரும்பத் திரும்பப் போனால் ஒரே அதிர்வெண்ணில் பெரும் இரைச்சல் எழும். அதைத் தவிர்க்க, அனுப்பும் முன்பே பிட்டுகளை ஒரு கணக்குப்படி கலைத்துவிடுகிறார்கள்; மறுமுனையில் அதே கணக்கால் சேர்த்துக்கொள்கிறார்கள். காலத்தை அளக்கும் கடிகாரத் துடிப்பையும் வேண்டுமென்றே சிறிது அலைபாயவிடுகிறார்கள். இதனால் எந்த ஓர் இடத்திலும் உச்சக் கூச்சல் இல்லை. ஆனால் அந்த ஆற்றல் எங்கும் போய்விடவில்லை, அகலமாகப் பரவியிருக்கிறது. அந்தப் பரப்புக்குள் மவுஸின் பட்டை முழுவதும் அடங்கிவிடுகிறது.

சரோஜினி நகர் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை போனவர்களுக்கு இது எளிதில் புரியும். நடைபாதைத் துணிக்கடைக்காரர் ஒருவர் மட்டும் ஒரே ராகத்தில் விலை கூவினால் அந்த ராகத்தை ஒதுக்கிவிட்டு நாம் பேசிக்கொள்ளலாம். நூறு பேர் நூறு விதமாகக் கூவும்போது எந்தக் குரலும் தனியாகக் கேட்பதில்லை. சந்தை முழுக்க ஒரே இரைச்சல். கூட வந்த தங்கை "அக்கா, பச்சை வேண்டாம்" என்பது காதில் விழாது. அடுத்த சந்துக்குப் போய்ப் பேசலாமா? மவுஸும் அதைத்தான் செய்கிறது. ஒரு சேனலில் தொல்லை என்றால் இன்னொன்றுக்குத் தாவும். பக்கத்து வீட்டு வைஃபையால் ஒரு சந்து மட்டும் அடைபட்டிருந்தால் மவுஸ் தப்பித்துவிடும். எல்லாச் சந்திலும் இதே இரைச்சல் என்றால் தாவி என்ன பயன்? கடைக்காரரின் வாயருகே காதை வைத்திருப்பவர்தான் ரிசீவர். தங்கை நிற்பதோ நாலு கடை தள்ளி. திங்கட்கிழமை சந்தைக்கு விடுமுறை. அன்று அதே இடத்தில் ரகசியம்கூடப் பேசலாம். டிஸ்கைக் கழற்றியதும் மவுஸ் துள்ளி ஓடுவது அந்தத் திங்கட்கிழமை.

இது வெறும் ஊகம் அல்ல, அளந்து பார்த்த சங்கதி. 2012 ஏப்ரலில் இன்டெல் நிறுவனமே இது பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கை இணைத்தபோது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபல் உயர்ந்ததாக அதில் இருக்கிறது. 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு ஆற்றல். ரேடியோ அலையின் வலிமை தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், இந்த இரைச்சலில் ரிசீவருக்கு எட்டும் தூரம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். பெட்டியில் 10 மீட்டர் என்று அச்சிட்டிருந்தால் கணக்குப்படி 1 மீட்டர். மேஜைக்கு அடியில், இரும்புப் பெட்டியின் பின்பக்கம் ரிசீவர் இருந்தால் அந்த 1 மீட்டரும் போதாது.

வரலாறு சுருக்கமாக: யுஎஸ்பியின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்த அஜய் பட். 2.0 பதிப்பு 2000-த்திலும் 3.0 பதிப்பு 2008-லும் வந்தன. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையைக் குறைந்த ஆற்றலில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த இந்திய அரசு 2005-இல் விதி வகுத்தது. வைஃபை, புளூடூத், மவுஸ் எல்லாம் இன்று இந்த ஒரே பட்டையில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் இங்கேதான் இயங்குகிறது.

இந்தத் தொல்லையை வைத்துப் பணம் பறிக்கும் விளம்பரங்களை நம்பாதீர்கள். 'டிரைவர் பூஸ்டர்', 'பிசி கிளீனர்' என்று வரும் மென்பொருள்கள் காற்றில் உள்ள இரைச்சலைத் துடைக்க முடியாது. நொடிக்கு 8000 முறை நிலையைச் சொல்லும் கேமிங் மவுஸும் இதற்கு மருந்தல்ல. சாதாரண மவுஸ் நொடிக்கு 125 முறை சொல்கிறது. வீட்டுத் திரை பெரும்பாலும் நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. காதில் விழாத செய்தியை அறுபது மடங்கு அதிகம் சொன்னாலும் பயன் சொற்பம். யுஎஸ்பி 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று பெட்டியில் போட்டிருப்பதும் அதே 3.0 வேகம்தான், பெயர் மட்டுமே மாறியிருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. ரிசீவர் நீலப் போர்ட்டில் இருந்தால் எடுத்துவிடுங்கள். 3.0 போர்ட்டில் ஒன்பது தொடுமுனைகள் உண்டு. ரிசீவர் தொடுவது பழைய நான்கை மட்டும். ஆகவே நீலத்தில் இருப்பதால் அதற்கு எந்த லாபமும் இல்லை. டிஸ்க் பின்பக்கம் என்றால் ரிசீவர் முன்பக்கம் இருக்கட்டும். அதைவிட நல்லது, ஒரு மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி மேஜைமேல் கீபோர்டின் அருகே வைப்பது. சில வயர்லெஸ் கீபோர்டு செட்டுகளின் பெட்டியிலேயே இந்தக் குட்டிக் கேபிள் இருக்கும். எதற்கென்று தெரியாமல் பலர் பெட்டியோடு பரணில் போட்டிருப்பார்கள். தேடிப் பாருங்கள்.

வயர் உள்ள மவுஸும் இப்படி நின்றால் காரணம் வேறு. சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தை விண்டோஸ் மின்சாரம் மிச்சப்படுத்தத் தூங்கவைக்கும். சில சாதனங்கள் எழத் தாமதமாகும். பவர் ஆப்ஷன்ஸில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்திப் பார்க்கலாம். தனி மின் இணைப்பு இல்லாத ஹப்பில் டிஸ்க்கையும் மவுஸையும் சேர்த்து மாட்டுவதும் வேண்டாம். 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர்தான், 3.0 தருவது 900.

வாசகி நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். டிஸ்கை 2.0 கேபிள் வழியாகவோ கறுப்பு நிற 2.0 போர்ட்டிலோ மாட்டி அதே போட்டோக்களை ஏற்றிப் பாருங்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் மவுஸ் நிற்காமல் ஓடினால், உங்கள் மதர்போர்டு நன்றாக இருக்கிறது என்று கடைக்காரரிடம் நீங்களே சொல்லலாம்.